வெள்ளைச்சட்டை பிளம்பரின் சாட்சி

பிளம்பர் வேலைக்கு வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாமல் தேய்த்தது. காலில் பளபளவென்று ஷூ. தலையில் ஒரு முடி எழுந்து நிற்காது. புது இடத்துக்குப் போனால் வாட்ச்மேன் அவனைப் பார்த்து எழுந்து சல்யூட் அடிப்பார். பின்னால் பைப்பைத் தோளில் சுமந்துகொண்டு வருகிற என்னைத்தான் மறித்து, "யாருய்யா நீ, எங்க போற?" என்பார். நான் எலக்ட்ரீஷியன், அவன் வாயில் 'கரண்டு'. குளியலறைச் சுவரை உடைத்தால் அவன் பைப் போடுவான், நான் ஒயர் இழுப்பேன். அப்படிச் சேர்ந்ததுதான் எங்கள் கூட்டு.

வேலை இடத்தில் ஒரு மூலையில் போய் அழுக்குச் சட்டைக்கு மாறுவான். முடிந்ததும் கை கால் கழுவி, திரும்பவும் வெள்ளைக்கு மாறித்தான் வீட்டுக்காரர் முன்னால் வந்து நிற்பான். எந்த வீட்டுக்காரரும் அவனை அழுக்காகப் பார்த்ததில்லை. அந்த மாற்றலுக்காக நான் காத்திருந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு தனி வீட்டுக்கே ஒயரிங் முடித்திருக்கலாம்.

"எல்லாரும் கல்யாணத்துக்குத்தான் இப்படிக் கிளம்புவாங்க. இவரு சாக்கடைக்குக் கிளம்புறாரு" என்பாள் அவன் மனைவி, தேய்ப்புப்பெட்டியைக் கீழே வைக்காமலே.

காரணம் அவனுடைய சபை. அங்கே பாஸ்டர் என்றைக்கோ ஒரு நாள், "வெளியில இருக்கிறவங்க வேதத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடி உங்களைத்தான் படிப்பாங்க" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். இவன் மட்டும் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். புகை கிடையாது, குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. ஸ்பானர் நழுவிக் கட்டைவிரலில் அடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்தோத்திரம்!" என்பான். அந்த ஸ்தோத்திரத்தில் எத்தனை வகை உண்டு என்று எனக்குத்தான் தெரியும். அடிக்கு ஒரு தொனி, ஒழுகலுக்கு ஒரு தொனி, வரேன் என்று சொல்லிவிட்டு வராத மேஸ்திரிக்கு ஒரு தொனி. நான் வாய்விட்டுத் திட்டுகிற அதே வார்த்தைகள்தான், வெள்ளைச்சட்டை போட்டு வரும்.

எனக்குச் சாமியும் கிடையாது, சபையும் கிடையாது. பியூஸ் போனால் நான்தான் போடவேண்டும், வேறு யாரும் இறங்கி வந்து போடப்போவதில்லை என்கிற கட்சி. என் டூல் பாக்ஸில் அவன் வைத்த, வேத வசனம் அச்சடித்த கைப்பிரதிகளை ஆட்டம் காண்கிற மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் அவனும் என்னைக் கைவிட்டுவிட்டான். ஆனால் அவனுக்கு உள்ளே ஒரே ஒரு ஏக்கம் உண்டு. தன்னைப் பார்த்து யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "உங்க ஆண்டவரைப் பத்திச் சொல்லுங்க" என்று தானாகக் கேட்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. சட்டைக்கு என்ன சோப்பு போடுகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு.

கடைசியில் கேட்டவர் டீச்சர். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மா, மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் தனியாக இருப்பவர். அவர் வீட்டுக் குளியலறையை இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள்தான் புதிதாகச் செய்து கொடுத்தோம். ஏழு மாதத்துக்கு முன் அவருடைய படுக்கையறைச் சுவரில், கூரையை ஒட்டி, ஈரம் பூத்தது. இவன் போய்ப் பார்த்தான். உச்சியில் இருக்கிறதே என்று, "மேல இருந்துதான் வருது டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தான். மனதார நம்பித்தான் சொன்னான்.

மேல் வீட்டில் ஒரு நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து கண்ட நேரத்தில் வந்து குளிப்பாள். டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது. சண்டை பெரிதாகி, நர்ஸ் வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டுத் தன் குளியலறைத் தரையையே உடைத்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஈரமும் நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு நின்றதுதான் மிச்சம்.

அப்புறம் ஈரம் சுவர் வழியே இறங்கி சுவிட்ச்போர்டு வரைக்கும் வந்து, டீச்சருக்கு விரலில் சுரீரென்று ஒரு ஷாக் கொடுத்தது. எங்கள் இருவரையும் வரச்சொன்னார்.

போனதும் டீச்சர் இவனை உட்காரச் சொன்னார். "ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன். எத்தனையோ பேரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கேன். உங்களை மாதிரி சுத்தமா, மரியாதையா, பொய் சொல்லாம ஒருத்தரைப் பாத்ததில்ல. உங்க சர்ச்சுக்கு நான் வந்தா யாராவது ஏதாவது சொல்வாங்களா?"

இவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "வாங்க டீச்சர், வாங்க, தாராளமா வாங்க" என்று மூன்று வாங்க சொன்னான். சட்டை மாற்றும்போது என் காதில், "கேட்டியா கரண்டு? கேட்டுட்டாங்கய்யா!" என்றான். எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஸ்டூலில் ஏறிக் குளியலறைப் பக்கத்திலிருந்து சுவரை உடைத்தோம். ஹீட்டருக்கு ஏறுகிற வெந்நீர் லைன் கூரைக்குக் கீழே, முழங்கை என்று நாங்கள் சொல்கிற வளைவு மூட்டில் திரும்பும். அந்த முழங்கையில் பைப் பசை ஒரு பக்கம்தான் பிடித்திருந்தது. மறுபக்கம் மொட்டையாக இருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு கட்டி, விழுந்து, அடுத்தது கட்டியது.

எங்கள் முழங்கை. எங்கள் என்ன எங்கள், அவன் ஒட்டினது.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த நாள் ஞாபகம் வந்தது. பைப் போட்டு முடித்தால் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகுதான் சுவரை மூட வேண்டும். அவன் எந்த வீட்டிலும் அதை விட்டதில்லை. அன்றைக்கு மட்டும் விட்டான். சாயங்காலம் சபையில் அவனைப் பேசச் சொல்லியிருந்தார்கள். தலைப்பு, வேலை செய்யும் இடத்தில் விசுவாசி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. குளித்து வெள்ளைச்சட்டை மாற்ற நேரமாகிவிட்டது என்று அவசரமாகச் சுவரை மூடினான். நல்லாப் பேசினானாம்.

"கரண்டு" என்றான். ஸ்தோத்திரம்கூட வரவில்லை.

"பேசாம மாத்திட்டுப் பூசு" என்றேன், குரலைத் தாழ்த்தி. "நம்ம தொழில்ல இது சகஜம். யாருக்குத் தெரியப்போகுது?"

"இப்பத்தான்யா கேட்டாங்க. இத சொன்னா என்ன நினைப்பாங்க? என்னைத் திட்டினா பரவாயில்ல. ஆண்டவர் பேரு கெட்டுப்போகும்ல?"

"அதான் சொல்றேன். பூசு."

பூசினான். வெள்ளைக்கு மாறினான். டீச்சர் வந்து, "மேல இருந்துதானே?" என்று கேட்டார்.

"சரி பண்ணிட்டேன் டீச்சர். இனிமே வராது" என்றான். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

படியில் இறங்கும்போது நர்ஸ் எதிரே ஏறி வந்தாள். தோளில் பை, கண்ணில் பன்னிரண்டு மணி நேர வேலையின் களைப்பு. எங்கள் கையில் இருந்த சிமெண்ட் சட்டியைப் பார்த்தாள். "இன்னைக்கும் எங்க வீட்டுத் தண்ணிதானா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இவன் ஒதுங்கி வழிவிட்டான்.

வீட்டுக்கு வந்த எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். குழம்பில் உப்பு இல்லை என்றேன், ஃபேன் சத்தம் போடுகிறது என்றேன். என் மனைவி நடந்ததை முழுக்கக் கேட்டாள்.

"சொல்லாதேன்னு சொன்னது நீங்கதானே? இப்ப எதுக்கு அவரைத் திட்டுறீங்க?"

"நான் சொன்னா? நான் ஆயிரம் சொல்வேன். அவன் கேக்கலாமா?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எனக்குக் கோபம் வர என்ன இருக்கிறது? பதினெட்டு வருஷமாக அவனைக் கிண்டல் அடித்தவன் நான். ஆனால் அத்தனை வருஷமும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்திருக்கிறேன், நான் எப்படிப் போனாலும் இவன் ஒருத்தன் போக மாட்டான் என்று. அது எனக்கே தெரியாமல் இருந்தது. இன்றைக்கு என் பேச்சைக் கேட்டு அதையும் கெடுத்துவிட்டான் பாவி.

தினமும் காலை எட்டு மணிக்கு ஹார்டுவேர் கடை வாசலில் சந்திப்போம். மறுநாள் அவன் வந்த கோலத்தைப் பார்த்துக் கடைக்காரர் அடையாளம் தெரியாமல், "என்னப்பா வேணும்?" என்றார். நேற்றைய அழுக்குச் சட்டை, முழங்கையில் சிமெண்ட், சவரம் செய்யாத முகம்.

"தூங்கலய்யா. டீச்சர் வீட்டுக்குப் போறேன். வரியா?"

"மாத்திட்டு வாயேன்."

"மாத்தினா அந்த அம்மா என்னை நல்லவன்னு நெனச்சுக்கிட்டே கேப்பாங்க. வேணாம்."

டீச்சர் கதவைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, முழங்கை, பசை, விட்டுப்போன டெஸ்ட், அன்றைக்குச் சபையில் பேசப்போன அவசரம், நேற்று பூசி மூடினது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். என் பெயரை எடுக்கவில்லை. பூசச் சொன்னது நான் என்று நானே சொன்னேன். டீச்சர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"உங்க ஒரு வார்த்தையை வச்சு ஏழு மாசமா அந்தப் பொண்ணோட பேசாம இருக்கேன்" என்றார். "தரையை உடைக்க வச்சேன். நீங்க சொன்னா பொய்யா இருக்காதுன்னு. இதுதான் உங்க சர்ச்சுல சொல்லிக்கொடுக்கறதா?"

எந்த வார்த்தைக்குப் பயந்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தானோ, அதே வார்த்தை.

"இல்ல டீச்சர். அங்க சொல்லிக்கொடுத்தத நான் செய்யல."

கதவு சாத்தப்பட்டது.

மேலே ஏறினோம். நர்ஸ் தூக்கக் கலக்கத்தோடு வந்து கதவைத் திறந்து, எல்லாவற்றையும் கேட்டாள். "கீழ சொல்லிட்டீங்களா?" என்றாள் முதலில்.

"அங்க சொல்லிட்டுத்தான் வரேன்மா."

"ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில குளிச்சிட்டு வந்தேன் நான்."

"நானே வந்து உங்க டைல்ஸ நல்லாப் பதிச்சுத் தரேன்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்றாள். நியாயமான பயம்தான்.

திரும்பி இறங்கும்போது டீச்சர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். எங்களைக் கடந்து போய் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் அதற்கப்புறம் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. சபைக்கும் போகவில்லை.

கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டான். "பதினெட்டு வருசம்யா. ஒரே ஒரு ஆள் கேட்டாங்க. அதையும் என் கையாலயே கெடுத்துக்கிட்டேன். ஒருத்தரக்கூட என்னால அசைக்க முடியல."

அழுவான் போல இருந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வாயில் வந்தது வேறு.

"தையல் கடையில நாலு மோட்டார் எரிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? பழைய மெஷின், அங்க தைக்கிற பொண்ணு நிறுத்தாம ஓட்டினதுலதான் போச்சுன்னு சொன்னேன்ல? அது இல்ல. நான் நியூட்ரல் ஒயரை சரியா முறுக்காம விட்டதுல வோல்டேஜ் ஏறி எரிஞ்சுது. போர்டைத் திறந்ததுமே தெரிஞ்சுது. முறுக்கி மூடிட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க."

தலையைத் தூக்கிப் பார்த்தான். "எப்ப சொல்லப்போற?"

"இப்பவே. வழியில தானே இருக்கு."

"நானும் வரேன்."

"நீ வராத. வாசல்லயே நின்னு ஜெபம் பண்ண ஆரம்பிச்சிடுவ."

போனேன். தையல் கடையை நடத்துகிற அக்கா சொன்னதில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதிப் பாதி, அந்தப் பெண்ணின் முகவரி. அவள் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் அக்கா அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டாள்.

இவ்வளவும் அவனுக்குத் தெரியும். இருந்தும் தன்னால் ஒருத்தரைக்கூட அசைக்க முடியவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னிடமே, என் முகத்தைப் பார்த்தே சொல்கிறான், மடையன்.