பார்க்கிங் மாடியிலிருந்து புவிண்டி மலைக்காட்டுக்கு

உகாண்டாவில் கொரில்லா பார்க்கப் போகலாமா என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நாங்கள் போனது 1997 ஆகஸ்டில். அப்போது டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருந்தோம். ஒரு மிருகக்காட்சிசாலையில் கண்ணாடிக்குப் பின்னால் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கொரில்லாவைப் பார்த்த அன்றே, இதை இதன் காட்டில் பார்க்காமல் விடுவதில்லை என்று பிடிவாதம் வந்துவிட்டது. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போகப் பயம். நான்கு வருடம் காத்திருந்தேன்.

என் கணவர் சேகருக்கு இதில் துளியும் ஆசை கிடையாது. "லீவு போட்டுட்டு மலையேறுறதுக்குப் பேசாம ஆபீஸுக்கே போலாம்" என்பார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் எங்கள் தமிழர் பாட்லக்கில் மங்களம் ஆன்ட்டி இன்னும் நேராகவே கேட்டார்: "ஏம்மா, அந்தக் காசுக்கு இந்தியா ட்ரிப் அடிச்சிருக்கலாமே. குரங்கு பாக்க ஆப்பிரிக்கா வரைக்குமா?" குரங்கு இல்லை ஆன்ட்டி என்று ஆரம்பித்து, சமோசா ஆறிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

சுகர் லேண்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மேடு என்று பார்த்தால் ஃப்ரீவே மேம்பாலம்தான். மலையேற எங்கே பழகுவது? என் ஆபீஸ் பார்க்கிங் கட்டடத்துக்கு எட்டு மாடி. முதுகுப்பையில் பத்து பவுண்ட் அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு, ஆறு மாதம், வேலை முடிந்ததும் அதில் ஏறி இறங்கினேன். சேகர் கீழே காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார்.

ஹூஸ்டனிலிருந்து லண்டன், அங்கிருந்து உகாண்டாவின் எண்டெபே விமான நிலையம். மறுநாள் காலை ஆறு மணிக்கு கம்பாலாவில் வேன் ஏறி, இருட்டும் நேரத்தில் காட்டின் வாசலான புஹோமாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசி நான்கு மணி நேரம் செம்மண் சாலை. கண்ணாடியை ஏற்றிக்கொள்ளச் சொன்னார் டிரைவர். ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் புழுதி. நான் இறக்கியே வைத்திருந்தேன். போய் இறங்கும்போது தொண்டை கரகரத்தது.

"ஃப்ளைட்ல ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்காதன்னு சொன்னேன்ல" என்றார் சேகர்.

"தூசிங்க, வேற ஒண்ணுமில்ல" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். கொண்டுபோயிருந்த சுக்கும் மிளகும் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

காலை எட்டு மணிக்கு எங்கள் ஆறு பேரையும் நிற்கவைத்து விதிகளைச் சொன்னார் கைடு எலியாஸ். கத்தக் கூடாது, கிட்டே போகக் கூடாது, சளி இருப்பவர்கள் மேலே வரவே கூடாது. "நம் சளி நமக்கு மூன்று நாள் தொல்லை. அவற்றின் உயிரையே எடுத்துவிடும். யாருக்காவது இருக்கிறதா?" எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொண்டேன். சுக்கு வேலை செய்திருந்தது. தொண்டை நன்றாகவே இருந்தது.

புவிண்டியில் பாதை என்பது முதல் அரைமணி நேரத்துக்குத்தான். அதன்பிறகு எலியாஸ் அரிவாளால் வெட்டி விடும் இடமே பாதை. காலுக்குக் கீழே மண் இல்லை, கொடி மேல் கொடியாகப் பின்னிக் கிடக்கும். பிடித்து ஏறலாம் என்று கை வைத்தால், பட்ட இடமெல்லாம் எரியும் காஞ்சொறி. முதல் ஏற்றத்திலேயே சேகர் பையை, சுமை தூக்க உடன் வந்த போர்ட்டரிடம் கொடுத்துவிட்டார். நான் கொடுக்கவில்லை. எட்டு மாடியும் கைவிடவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. நாங்கள் பார்க்கப்போகும் கொரில்லாக் கூட்டத்தில் மூன்று மாதக் குட்டி ஒன்று இருப்பதாக எலியாஸ் சொன்னபோது கால்கள் இன்னும் வேகமாக நடந்தன.

மூன்று மணி நேரம் கழித்து, கூட்டத்தைத் தேடி முன்னால் போயிருந்தவர்கள் எலியாஸை வாக்கி டாக்கியில் அழைத்தார்கள். இன்னும் இருநூறு மீட்டர்தான், பைகளையும் கம்புகளையும் இங்கே வைத்துவிடுங்கள் என்றார். பையை இறக்கினேன். தும்மல் வந்தது. அடக்க அடக்க நான்கு தும்மல். மூக்கு ஒழுகியது. காடு முழுவதும் சொட்டச் சொட்ட ஈரம், தூசிக்கு எங்கே போவது?

சேகர் காதருகே வந்தார். "ஒண்ணும் சொல்லாத சுமதி. அலர்ஜின்னு சொல்லிக்கலாம். நாலு வருஷம் வெயிட் பண்ணிருக்க."

எனக்கும் அதுதான் ஆசை. எலியாஸ் கேட்டால் அலர்ஜி என்று சொல்ல வாயில் தயாராகவே இருந்தது. ஆனால் அந்த மூன்று மாதக் குட்டி மனதை விட்டுப் போகவில்லை. சளி பிடித்திருக்கிறது, நான் வரவில்லை என்று எலியாஸிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, ஒரு போர்ட்டரை எனக்குத் துணையாக நிறுத்தினார்.

"அப்ப நானும் இங்கயே இருக்கேன்" என்றார் சேகர்.

"போங்க. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க."

அவர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் அனுமதி. அந்த ஒரு மணி நேரமும் ஈர மரவேரில் உட்கார்ந்து அழுதேன். கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு காலி டின்னைத் தட்டுவது போல மார்பில் அறையும் சத்தம். என் மூக்கின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத சேகர், இறங்கும் வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தார். "அந்தக் குட்டி கொட்டாவி விட்டுச்சு சுமதி. அம்மா முடியப் புடிச்சுத் தொங்குது, அவ கண்டுக்கவே இல்ல." காஞ்சொறியில் கை வைத்தபோதுகூட நிறுத்தவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கொரில்லா பார்ப்பதற்கான பெர்மிட்டைப் பல மாதம் முன்பே எடுங்கள். அன்றைய விலையை நான் சொல்லிப் பயனில்லை, இன்று பல மடங்கு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். சைவர்கள் புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று கொண்டுபோனால் போதும், சாதம் அங்கே கிடைக்கும். போய்ச் சேர்ந்த மறுநாளே மலையேறாமல் இரண்டு நாள் தள்ளி வையுங்கள். தொண்டை கரகரத்தால் கீழேயே சொல்லிவிடுங்கள், அடிவாரத்தில் அருவி வரை நல்ல நடைபாதை இருக்கிறது.

ஊர் திரும்பிய வாரம் பாட்லக்கில் மங்களம் ஆன்ட்டி கேட்டார். "என்னம்மா, பாத்துட்டியா?"

"அவர் பாத்தார் ஆன்ட்டி. நான் பாக்கல. மறுபடி போறேன்."

திங்கள்கிழமை மாலை ஆபீஸ் பார்க்கிங்கில் அரிசிப் பையைத் தூக்கி முதுகில் மாட்டினேன். காரின் என்ஜினை அணைத்துவிட்டு சேகரும் இறங்கினார். பின்சீட்டிலிருந்து அவர் எடுத்தது பேப்பர் இல்லை, இன்னொரு அரிசிப் பை.