அண்ணன் ஒட்டிய பிரிவு

என் அண்ணனுக்கு வாய் நீளம், கை சுத்தம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வக்கீல் தொழிலில் நாலு காசு பார்க்க முடியாது என்று அண்ணி கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். அதனாலோ என்னவோ, அண்ணன் அரசியலுக்குப் போனார். அங்கேயும் காசு பார்க்கவில்லை, பேச மட்டும் நிறைய இடம் கிடைத்தது.

பேச்சு அவருக்குப் பிறவியிலேயே வந்தது. சின்ன வயதில் விளக்கை உடைத்துவிட்டு, அடிக்க வந்த அம்மாவிடம், "நேர்ல பார்த்த சாட்சி யாரும்மா?" என்று கேட்டவர் அவர். அடி இரண்டு மடங்காக விழுந்ததுதான் மிச்சம்.

நாடு சுதந்திரம் அடைந்ததும் அரசியல் சாசனம் எழுத ஒரு குழு போட்டார்கள். குடியுரிமைப் பகுதி அண்ணன் தலையில் விழுந்தது. அவர் வேலை செய்யும் விதமே தனி. பழைய சட்டப் புத்தகங்களிலிருந்து வேண்டிய வரிகளைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, இடையிடையே தன் கையால் எழுதிச் சேர்ப்பார். வேலை நடந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில். "சாப்பாட்டுல பசை இருக்கா, பசையில சாப்பாடு இருக்கான்னே தெரியல" என்று அண்ணி தினமும் புலம்புவார். அன்றன்றைக்கு ஒட்டியதை அண்ணன் சாயங்காலம் எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். புரியவில்லை என்று நாங்கள் சொன்னால் மாற்றி எழுதுவார்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் வெளிநாட்டுக்காரர், கப்பலில் எஞ்சினியர். எங்கள் கல்யாணத்தை ஊர் வாய்க்கு அஞ்சாமல் முன்னின்று நடத்தியவர் அண்ணன்தான். கணவர் கடலில் இருக்கும் மாதங்களில் நானும் மகளும் அண்ணன் வீட்டில் இருப்போம்.

வரைவு அச்சுக்குப் போய் வந்த பிறகு, அண்ணன் கடைசியாக ஒரு தடவை முழுவதையும் எங்களுக்குப் படித்தார். "வெளிநாட்டவரை மணக்கும் பெண், தன் கணவனின் நாட்டைச் சேர்ந்தவளாகக் கருதப்படுவாள்." படித்துவிட்டு அடுத்த வரிக்கும் போய்விட்டார்.

"இருண்ணா. அப்ப நான் இந்த நாட்டுக்காரி இல்லையா?"

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. பழைய சட்டத்தில் இருந்த வரி அது. அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார். எங்களுக்குப் படித்துக் காட்டாமல் விட்டுப்போன பக்கமும் அதுதான். வக்கீல்களுக்கே வரும் வியாதி இது. கோர்ட்டில் நூறு தடவை படித்த வரி அவர்கள் கண்ணுக்கே தெரியாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போகும், ஓட்டு போகும், பிறந்த ஊரில் தங்கவே யாரிடமோ அனுமதி கேட்டு நிற்கவேண்டும்.

வரைவு அரசியல் சாசன அவைக்கு வந்த அன்று, தான் எழுதிய பிரிவைத் தானே நீக்கச் சொல்லி அண்ணன் எழுந்து நின்றார். நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அண்ணனை எப்போதும் எதிர்க்கும் உறுப்பினர் ஒருவர் உண்டு, எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர். அவர் எழுந்து, "இவரோட தங்கச்சியே வெளிநாட்டுக்காரரைக் கட்டியிருக்காங்க. சம்பந்தப்பட்டவங்க வெளிய போகணும்கறது நம்ம விதி. இவர் எப்படி ஓட்டுப் போடலாம்?" என்றார்.

"நியாயம்தான், நான் போறேன்" என்றார் அண்ணன். "பொண்ணு, தங்கச்சி, பேத்தி இருக்கறவங்களும் என்கூடக் கிளம்புங்க. அவங்க நாளைக்கு யாரைக் கட்டிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவை சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை, நிஜமாகவே வெளியே போனார். நான் படியிறங்கி ஓடினேன். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "தோத்துட்டா என்னை மன்னிச்சுடு பாப்பா. ஒட்டினது நான்தானே" என்றார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. வந்தவர் மருந்துக்கடைக்காரர். "எனக்கு மூணு பொண்ணு" என்று முறைத்தார். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

அவர் பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். பெஞ்ச் போதவில்லை. கடைசியில் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்த அவைத்தலைவர், எல்லாருமே சம்பந்தப்பட்டவர்கள் என்றால் எல்லாருமே ஓட்டுப் போடலாம் என்று உள்ளே கூப்பிட்டார். பிரிவு நீங்கியது. மருந்துக்கடைக்காரர் கையும் உயர்ந்தது. நான் மறுபடி மேலே போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், காவலாளி அதட்டினார்.

முதல் தேர்தலில் எங்கள் தொகுதியில் அண்ணனும் மருந்துக்கடைக்காரரும் எதிரெதிராக நின்றார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம்.

"நம்ம வீட்டு ஓட்டெல்லாம் எனக்குத்தானே?" என்றார் அண்ணன், கேட்கவே வேண்டாம் என்ற தோரணையில்.

"என்னோடது மருந்துக்கடைக்காரருக்கு."

அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன்?" என்றார் அண்ணன்.

"மழை பெஞ்சா நம்ம தெருவுல முழங்கால் தண்ணி. உன்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. அவர் வந்து இறங்கிப் பார்த்தார்."

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"உன்னை யாரும் தடுக்கலையே? உள்ள போய், நீயே போட்டியா?"

"நானேதான் போட்டேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அண்ணியிடம் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.