பக்கத்துக் கட்டிலில் இருந்த குரல்

அந்தத் தொலைபேசிப் பேச்சு அவளுக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. பள்ளி முடிந்து, எந்தப் பல்கலைக்கழகம் என்று வீடே இரண்டாகப் பிரிந்து கிடந்த நேரம். ஒன்று அத்தை வீட்டுக்குப் பக்கத்தில், பேருந்து தூரத்தில். இன்னொன்று கடலோர நகரத்தில். அந்த இரண்டாவதிலிருந்துதான் அழைப்பு வந்தது.

முதலில் பேசியது அப்பா. தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டும் பட்டறைக்காரர் அவர். எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். கைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, சாட்சியை விசாரிக்கும் வக்கீல் மாதிரி குனிந்துகொண்டார்.

"யாரும்மா பேசறது? ஆபீஸா?"

"இல்ல அங்கிள், நானும் இங்க படிக்கிற பொண்ணுதான். மூணாவது வருஷம். உங்க பொண்ணோட விண்ணப்பத்தைப் பார்த்தேன். நம்ம பாஷை பேசற வீடாச்சேன்னு நானே நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசறேன்."

அந்தக் குரலுக்குள் ஒரு சிரிப்பு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஹாஸ்டல்ல இருந்து வகுப்பு எவ்வளவு தூரம்?"

"கேட்டைத் தாண்டினா வகுப்பு அங்கிள். செருப்புகூட தேயாது."

அப்பா சிரித்தார். தேய்மானம் அவருடைய தொழிலாயிற்றே. அதற்குள் அம்மா அவரை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"பாத்ரூமெல்லாம் சுத்தமா இருக்குமாம்மா? இவளுக்கு அசிங்கம்னா ஆகாது. தட்டு பக்கத்துல ஒரு முடி கிடந்தாலும் சாப்பிடாம எழுந்து போயிடுவா."

"ஐயோ ஆன்ட்டி, எங்க அம்மாவும் இதையேதான் கேட்டாங்க! அம்மாங்க எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?"

அம்மாவும் சிரித்துவிட்டாள். கேட்ட கேள்வி எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை. கடைசியில் கைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்கள். அவளுக்கு வார்த்தை சுலபத்தில் வராது. "படிக்க அமைதியா இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல்பா. இதுக்கு மேல என்ன வேணும்?"

அழைப்பு முடிந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த மாதிரி ஒரு பொண்ணு அங்க இருந்தா போதும். பயமில்ல." அத்தை வீட்டுப் பேச்சு அத்தோடு அடிபட்டுப் போயிற்று.

ரயிலை விட்டு இறங்கியதுமே நாற்றம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. மீன் கழிவை அரைத்துத் தீவனமாக்கும் ஆலை ஒன்று விடுதிக்குப் பின்னாலேயே இருந்தது. விடுதிக்கு முன்னால் நகரத்துச் சாக்கடை கடலில் விழும் இடம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஆலை, இந்தப் பக்கமிருந்து அடித்தால் சாக்கடை. காற்றே அடிக்காவிட்டால் இரண்டும்.

அறை தரைத்தளத்தில். சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, அதன் மேல் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை பிடித்திருந்தது. மெத்தையைத் தொட்டதும் உள்ளங்கை பிசுபிசுத்தது. அவளுக்கு முன் யார் யாரோ வேர்த்து எழுந்த மஞ்சள் கறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தன. குளியலறையில் கடல் ஏறும் நேரத்தில் தரைத்துளை வழியாகத் தண்ணீர் மேலே வரும். அது தனியாக வருவதில்லை. ஊர்ப்பட்ட தலைமுடியையும் சளியையும் பழைய பிளாஸ்திரிகளையும் கூட்டிக்கொண்டு வரும். யாரோ புண்ணியவதி இரண்டு செங்கல்லைப் போட்டு வைத்திருந்தாள். அதன் மேல் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும்.

வந்த அன்றே அவள் வெளியே போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அறைக்குத் திரும்பினாள். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ ஆன்ட்டி, எங்க அம்மாவும் இதையேதான் கேட்டாங்க!"

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு, கால் நகங்களைப் பிய்த்து மெத்தை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருமல் வந்தது. கைபேசியைக் கையால் பொத்தி, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் சளியைத் துப்பி, அதைத் தட்டால் மூடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தேனாகத் தொடர்ந்தாள். "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல் ஆன்ட்டி." ஜன்னலைத் திறக்க முடியாதபடி ஆணி அடித்திருந்தது. நாற்றம் வராமலிருக்க இடுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

அழைப்பு முடியும் வரை அவள் காத்திருந்தாள். "அது நீங்கதானா?"

"நீ எந்த வீடு?"

"டயர் பட்டறை."

"அடடே! முடி கிடந்தா சாப்பிடாத பொண்ணா!" கட்டில்காரி கைதட்டிச் சிரித்தாள். "வா, வா. இங்க நல்லா ஒல்லியாயிடுவே."

"எங்க அப்பாகிட்ட பொய் சொன்னீங்களே."

"என்ன பொய் சொன்னேன்? ஒண்ணே ஒண்ணு காட்டு பார்ப்போம்."

அவள் யோசித்துப் பார்த்தாள். வகுப்பு பக்கத்தில்தான் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடலும் இருந்தது. ஒரு பொய்யும் அகப்படவில்லை. சுவரைப் பார்த்து வராத அருவருப்பு அப்போதுதான் அவளுக்கு வந்தது.

மூன்றாவது கட்டிலில் ஒருத்தி, ஈரம் தாங்காமல் உடம்பெல்லாம் பவுடர் கொட்டிக்கொள்பவள், போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அதுகிட்ட வாய் குடுக்காதே. அது ரேடியோ. நாம நிறுத்த முடியாது, சுவிட்ச் அட்மிஷன் ஆபீஸ்ல இருக்கு."

"நான் ரேடியோன்னா இது யாரு? உம்முன்னு பார்க்கறதைப் பாரேன். ஊமைக்கோட்டான்!" என்றாள் ரேடியோ. அன்றிலிருந்து டயர் பட்டறைப் பெண்ணுக்கு அந்த அறையில் கோட்டான் என்றே பெயர்.

ரேடியோவின் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவளும் பள்ளியில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசித்தவள். இந்தக் குரல் எங்கேயோ போகப் போகிறது என்று ஆசிரியர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவளையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு தொலைபேசிக் குரல்தான். "அந்தக் குரலை நான் நேர்ல பார்க்கவே இல்ல. நான் வந்து சேர்றதுக்குள்ள அது மூட்டையைக் கட்டிடுச்சு," என்று அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள். இரண்டாம் வருடம் அப்பாவின் வேன் படுத்துவிட்டது. கட்டணத்துக்கு வழியில்லை. ஆள் சேர்த்துக் கொடுத்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்றார்கள் அட்மிஷன் ஆபீஸில். கடல் உயிரியல் படிக்க வந்தவள் வகுப்பு நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து யார் யார் வீட்டு அம்மாக்களையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் தேர்வு எழுதினால் பட்டம். எழுதவிடாவிட்டால் மூன்று வருடமும் அந்தச் சாக்கடையோடு போயிற்று.

இதெல்லாம் தெரிந்தும் கோட்டானுக்கு ரேடியோவைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. ஜாம் பாட்டிலில் விரலை விட்டு நக்கி, அதே விரலால் இவளுடைய புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பாள். ஈரத் துண்டை இவள் கட்டில் கம்பியில் போடுவாள். அந்த டம்ளரைக் கழுவுவதே இல்லை. கோட்டான் தன் பல்துலக்கியைப் பைக்குள் பை போட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். அதுவும் மீன் வாடை அடித்தது.

ஆனால் வீட்டிலிருந்து அம்மா கேட்கும்போதெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: "நல்லாயிருக்கும்மா." அப்பா பணம் கட்டிவிட்டு, பட்டறைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தார். வேறு என்ன சொல்வது?

ரேடியோ அதை ஒட்டுக் கேட்டுவிட்டாள். "பார்த்தியா? சம்பளமே இல்லாம என் வேலையைப் பார்க்கறே."

ஒருநாள் மதியம் உணவகத்தில் எதுவோ ஒத்துக்கொள்ளாமல் கோட்டான் கட்டிலிலேயே வாந்தி எடுத்தாள். பவுடர்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள். ரேடியோதான் வெறும் கையால் அள்ளிக் கொட்டினாள், துணியை உருவினாள், வாயைத் துடைத்துவிட்டாள். பாதியில் கைபேசி அடித்தது. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்தாள். "ஆன்ட்டி, நீங்க கவலையே படாதீங்க. இங்க உடம்பு சரியில்லைன்னா அக்கா தங்கச்சி மாதிரி பார்த்துக்குவோம்." பேசிக்கொண்டே கோட்டானைப் பார்த்துக் கண்ணடித்தாள். நன்றி சொல்ல வாயைத் திறந்த கோட்டான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சேர்க்கை முடியும் சமயத்தில் அட்மிஷன் ஆபீஸ்காரர் விடுதிக்கே வந்தார். தேங்கிய தண்ணீரில் பளபளக்கும் ஷூ படாமல் தாண்டித் தாண்டி வந்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, அறை வாசலோடு நின்றார். அவர் பேசியது அந்த ஊர் மொழி. கோட்டானுக்கு அந்த மொழியும் பள்ளியிலேயே பழக்கம். ஒரு வார்த்தை தப்பாமல் புரிந்தது. ரேடியோவின் குரல் அந்த மொழியில் வேறாக இருந்தது. மெலிந்து, முதுகு வளைந்து, "சரி சார், சரி சார்" என்று தரையைத் தடவிக்கொண்டு வந்தது.

இந்த வருடம் உன் பெயரைச் சொல்லிச் சேர்ந்தவர்கள் போதாது என்றார் அவர். ஒரு ஆள் குறைகிறது. பிறகு கைக்குட்டைக்குள்ளேயே சிரித்தார். உன் வீட்டு முகவரியிலிருந்தே ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறதே, தங்கையா? கெட்டிக்காரிதான் நீ. அவள் பணம் கட்டிவிட்டால் ஹால் டிக்கெட்டை வந்து வாங்கிக்கொள்.

அவர் போன பிறகும் ரேடியோ வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். விண்ணப்பம் போட்ட விஷயம் அவளுக்கே தெரியாது. வீட்டிலும் மூன்று வருடமாக அந்தக் குரல்தானே பேசிக்கொண்டிருந்தது? வேன் ஓட்டும் அப்பாவையும் அம்மாவையும் சிரிக்க வைத்த குரல் தங்கையை மட்டும் விட்டுவைக்குமா?

மறுநாள் காலையில் தங்கையே கூப்பிட்டாள். அதற்குள் ஈரத்தில் ரேடியோவின் கைபேசி பழுதாகிப் போயிருந்ததால் எது பேசினாலும் ஸ்பீக்கரில்தான் கேட்கும்.

"அக்கா! உனக்கு சர்ப்ரைஸ்! நானும் அங்கதான் வரேன்."

"ஏய் குட்டி, என்னடி இது, திடீர்னு?"

"திடீர்னு என்ன திடீர்? நீ மட்டும் கடலைப் பார்த்துக்கிட்டு ஜாலியா இருப்பே, நான் இங்க வேன் கழுவணுமா? உன் ரூம்லயே எனக்கும் இடம் பிடிச்சு வை." பிறகு குரல் தணிந்தது. "அப்பா வேனை வித்துக் கட்டறேங்கறார்க்கா. நீ ஒரு வார்த்தை சொன்னா போதுமாம். நிஜமா நல்லாயிருக்கா அங்க? நான் வரட்டுமா?"

ரேடியோவின் வாய் திறந்தது. கோட்டான் அவள் முகத்தையே பார்த்தாள். எத்தனையோ வீட்டுக் கேள்விகளை அலட்சியமாகத் திருப்பி அனுப்பிய அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அப்புறம் இருமல். "சிக்னல் இல்லடி, சாயங்காலம் கூப்பிடு," என்று வைத்துவிட்டாள்.

ஒருவேளை இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று கோட்டான் நினைத்தாள். அந்த அறைக்கு வந்த பிறகு முதன்முறையாக எழுந்து போய், நகமும் நாற்றமுமாகக் கிடந்த அந்த மெத்தையில் ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வர வேணாம்னு சொல்லிடுங்கக்கா. தேர்வை அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

"அடுத்த வருஷமா? இந்த ரூம்லயா?" ரேடியோ சுவரைப் பார்த்தாள். பிறகு கைபேசியின் கண்ணாடியைப் பாவாடையில் துடைத்து, கோட்டானின் மடியில் வைத்தாள்.

"சாயங்காலம் கூப்பிடுவா. நீ எடு, கோட்டான். அக்கா வகுப்புல இருக்கான்னு சொல்லு. யார்கிட்ட வேணும்னாலும் பேசிடுவேன், அவகிட்ட மட்டும் எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீ அதிகம் பேசாதவ, நீ சொன்னா உடனே நம்பிடுவா. நல்லாயிருக்கு, வான்னு மட்டும் சொல்லு. வீடியோவுல வரச் சொல்லுவா. இங்க உட்கார்ந்து பேசிடாதே, நூலகத்து வாசலுக்குப் போயிடு. அங்கதான் இப்ப புதுசா வெள்ளை அடிச்சிருக்காங்க."