சத்தமில்லாத மைக் செட்

எங்கள் சித்தப்பாவுக்கு மீன் பிடிக்க வராது என்று யாரும் சொல்ல முடியாது. துடுப்பு போடுவதில் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை. ஆனால் மனசு முழுக்க மைக் செட்டில்தான் இருந்தது. பழவேற்காட்டில் யாரோ கழித்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயரை எப்படியோ பிடித்து வந்து, கூடவே இரண்டு கூம்பு ஸ்பீக்கரும் சேர்த்து, வீட்டு மூலையில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த மூலையில் எங்களுக்குப் படுக்க இடமில்லை.

நைனாவுக்கு இது பிடிக்கவே இல்லை. எங்கள் கட்டுமரத்தில் நைனாவும் சித்தப்பாவும்தான் போவார்கள். சித்தப்பா மைக் கட்டப் போகும் நாளெல்லாம் மரம் கரையிலேயே கிடக்கும். வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளவும் நைனா சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு முடிவு சொன்னார்.

"ஆடிக் கூழுக்கு நீயே கட்டு. பாதில நின்னுச்சுன்னா வித்துட்டு மரத்துக்கு வந்துரு. நிக்காம பாடுச்சுன்னா உன் இஷ்டம்."

நிற்கும் என்று நைனாவுக்குத் தெரியும். அந்தச் செட்டின் வியாதி ஊருக்கே தெரிந்ததுதான். உள்ளே இருந்த டிரான்சிஸ்டர்கள் பாடப் பாடக் கொதிக்கும், கொதித்தால் பாட்டு இழுத்துக்கொண்டு செத்துப்போகும். சித்தப்பா அதற்கு ஒரு மேசை ஃபேன் வைத்திருந்தார். ஃபேன் சூட்டைத் தணித்தது, ஆனால் அதன் இரைச்சல் மைக்குக்குள் புகுந்து கூம்பு வழியாக ஊரெல்லாம் ஙொய்யென்று கேட்டது. கல்யாணத்தில் பேசியவர்கள் எல்லாம் புயலுக்கு நடுவே நின்று பேசியது போலிருந்தது. ஒரு சௌகரியம் மட்டும் உண்டு. இரைச்சல் கேட்டால் மைக் போட்டிருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை. இது எங்கள் குப்பத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

சத்தம் போடாமல் சூட்டை இறக்க வேண்டும். சித்தப்பாவுக்கு அந்த ஒரு மாதமும் அதே நினைப்பு. அம்மாவின் அலுமினியக் குழம்புச் சட்டி மூடியில் துளை போட்டு டிரான்சிஸ்டரை முடுக்கிப் பார்த்தார். அரைப் பாட்டுக்குள் மூடி சுட்டது. மூடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது அம்மா சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பொன்னேரி ரேடியோ கடைக்குப் போனார்.

கடைக்காரர் சூட்டை இறக்குகிற சாமான் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, பளபளப்பானது, மேலே குட்டி ஃபேன் வைத்தது. எனக்கு அதுதான் பிடித்தது. மற்றொன்று கறுப்பு, கனம், தகடு தகடாக மீன் செவுள் மாதிரி இருந்தது. சித்தப்பா தகடுகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார்.

"இது சத்தம் போடாதா?"

"அலுமினியத்துக்கு வாய் ஏதுய்யா? தகடு நெறைய கீது, நடுவுல காத்து போக வழி கீது. நிமித்தி வச்சு மாட்டு. சூடு தானா மேல போயிரும்."

கறுப்பைத்தான் வாங்கினார். மாட்டி, ஃபேனை நிறுத்தி, ஒரு மத்தியானம் முழுக்கப் பாடவிட்டோம். கை வைத்துப் பார்த்தால் வெயிலில் கிடந்த கட்டுமரம் அளவுக்குத்தான் சூடு. பாட்டு முடிந்ததும் கூம்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். நைனா மட்டும் எழுந்து வெளியே போனார்.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அதற்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் மரம் கவிழ்ந்து, அண்ணன் தம்பி இருவரும் நீந்திக் கரை சேர்ந்திருந்தார்கள். அந்தக் கதையை நைனா சொல்லிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அலை ஒரு முழம் வளரும். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு முழம் வளர்த்துச் சொல்வேன். எங்கள் நைனாவுக்குக் கடலே பயப்படும் என்று சொல்லி ஒருத்தியுடன் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

கூழ் ஊற்றும் நாள் வந்தது. எல்லையம்மன் கோயில் வாசலில் காலையிலிருந்தே பாட்டு. பக்கத்துக் குப்பத்துச் சனமும் வந்திருந்தது. சூடேறாமல், இழுக்காமல், செட் கணக்காகப் பாடியது. வெயில் உச்சிக்கு வந்தபோது சித்தப்பா பாட்டை நிறுத்தி, ஊர்த் தலைவர் பேசுவதற்காகச் செட்டுக்குப் பக்கத்திலேயே மைக்கைப் போட்டு வைத்தார். அந்த நேரம் பார்த்து ஆடிக்காற்று வேப்பமரத்துக் கூம்பைத் திருப்பிவிட்டது. அதைச் சரிசெய்யச் சித்தப்பா மரத்தில் ஏறினார். நான் சொம்போடு வரிசையில் நின்றேன்.

திடீரென்று கூம்பில் அம்மாவின் குரல் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா மைக்கில் பேசுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினேன்.

"ஏன்யா உன் தம்பியப் போட்டு இந்தப் பாடு படுத்துற? மரத்துக்கு வேற ஆளா கெடைக்காது?"

கோயிலுக்குப் பின்னால் செட் வைத்திருந்த ஓலைக் கொட்டகைக்குள் அம்மாவும் நைனாவும் தனியாகப் பேசப் போயிருந்தார்கள். இரைச்சல் இல்லை, ஆகவே மைக் போடவில்லை என்று நினைத்துவிட்டார்கள். அடுத்து நைனாவின் குரல் வந்தது.

"வேற ஆளு முன்னாடி நடுங்க முடியுமா? மரம் கவுந்ததுலேருந்து முகத்துவாரம் கிட்ட போனாலே கை நடுங்குது. துடுப்பு கையில நிக்கல. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஒண்ணும் கேக்காம துடுப்ப வாங்கிக்கினு அவன் போடுவான். அவனும் வரலன்னா நான் இன்னா பண்ணுவேன்? பயமா கீதுடி."

பிறகு நைனா அழுதார். இரண்டு கூம்பிலும் அழுதார். காற்று அதை ஏரிக்கு மேலே கொண்டுபோயிற்று.

சித்தப்பா நெஞ்சு சிராய்த்துக்கொண்டு மரத்திலிருந்து சறுக்கி இறங்கிக் கொட்டகைக்கு ஓடினார். சட்டென்று அம்மன் பாட்டு பாதியிலிருந்து பாடத் தொடங்கியது. நைனா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், கூட்டத்தைப் பார்த்தார், அப்புறம் கூம்பைப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. சொம்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

தலைவர் நைனாவின் கையைப் பிடித்து, "வாய்யா, மொதக் கூழு இந்த வாட்டி நீ ஊத்து" என்று கூப்பிட்டார். வேண்டுமென்றே கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஒரு பையன் கையை நடுக்கிக் காட்டினான். அவன் அம்மா விட்ட அறையில் அவன் சொம்பு உருண்டது. எங்களைப் பற்றிப் பேசுவதே அசிங்கம் என்று ஆகிவிட்டது போலும் என்று அதற்கும் அழுதேன். நைனா கூழ் ஊற்றினார். என் முறை வருவதற்குள் நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் விடியலில் சித்தப்பா துடுப்போடு கரையில் நின்றார். நைனா அதை வாங்கிக்கொண்டு, "செட்டு நிக்காமத்தான பாடுச்சு? போய் உன் வேலையப் பாரு" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவனைத் துணைக்கு ஏற்றிக்கொண்டார். மீனுக்கு முந்துகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், உடன்பிறந்தவனுக்குக்கூட வழி விடமாட்டார்கள். அன்றைக்கு எங்கள் மரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மரங்கள் அவசரமே இல்லாமல் போயின. பாய்க்கயிறு சிக்கிக்கொண்டது என்றார் ஒருவர். அடுத்த நாள் வேறு இரண்டு மரங்கள், வேறு சாக்கு. அந்த ஆடி முழுக்க, அதற்குப் பிறகும்கூட.

நைனாவின் கை நடுங்குவதை வேடிக்கை பார்க்கத்தான் போகிறார்கள் என்று நான் நம்பினேன். அந்த வீடுகளிலிருந்து வந்த குழம்பைத் தொடமாட்டேன் என்றேன். நைனா கூப்பிட்டால் தோழிகள் முன்னால் காது கேட்காதவள் போல நடந்தேன். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே, தெரிந்துவிட்டதே என்று மனசுக்குள் அரற்றிக்கொண்டே இருந்தேன். ஊருக்குத் தெரிந்ததால்தான் நைனா ஒவ்வொரு நாளும் கரை திரும்பினார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.