நானே தந்தெ

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். நடுநடுவே "விஷயத்துக்கு வாம்மா" என்று நச்சரிக்கிறாள். வருகிறேன், என்ன அவசரம்?

விஷயம் இவள் பெற்ற என் பேத்தியைப் பற்றியது. அவள் பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஹெப்பகோடியில் வேலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் அப்பன் கிளம்பினான். புதிதாக வாங்கிய மூன்றடுக்கு டிபன் கேரியரில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். ஆளும் திரும்பவில்லை, கேரியரும் திரும்பவில்லை. எட்டு வருஷம், ஒரு போன்கூட இல்லை. அந்தக் கேரியர் மாதிரி இறுக்கமான மூடி இப்போதெல்லாம் வருவதே இல்லை. சரி, சரி, வருகிறேன்.

அவன் இல்லாமல் எங்களுக்கு எதுவும் நின்றுவிடவில்லை. மகள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனாள், நான் இந்தக் கன்னட ஊரில், அடுகோடி மார்க்கெட்டில் கீரை விற்றேன். ஆனால் போன வருஷம் அவனுடைய அண்ணன் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டான். "பொண்ணு எங்க வூட்டு ரத்தம். அவன் வந்து இட்டுனு போனா நீ இன்னா பண்ணுவ?" என்றான். அன்று முழுக்க வெந்தயக்கீரை கேட்டவர்களுக்கெல்லாம் கொத்தமல்லி கொடுத்தேன். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் காவல்காரி மாதிரி நின்றேன்.

மகள் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள். சின்னப் பெண்தான், பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும். "பெத்துப்போட்டா மட்டும் போதுமா ஆயா? விட்டுட்டுப் போனவனுக்கு உரிமை இல்லன்னு கேப்போம். அம்மா மட்டுந்தான் கார்டியன்னு ஆர்டர் வாங்கலாம்" என்றாள். அவனுக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்தது. பேப்பரில் விளம்பரம் போட்டும் அவனிடமிருந்து பேச்சு மூச்சில்லை.

கோர்ட்டில் சிப்பந்தி வாசலில் நின்று அவன் பெயரை மூன்று முறை கூவினார். வரவழைக்கத்தான் எல்லோரும் சாமியைக் கும்பிடுவார்கள். நான் வரக் கூடாதென்று அத்தனை சாமியையும் கும்பிட்டேன். யாரும் வரவில்லை.

அடுத்து என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் அம்மா பேத்தியைக் காட்டிக் கன்னடத்தில் மளமளவென்று ஏதோ கேட்டார். 'தந்தெ' என்பது மட்டும் காதில் விழுந்தது. நான் பேசுவது மார்க்கெட் கன்னடம். 'சொப்பு தந்தெ அக்கா' என்றால் 'கீரை கொண்டு வந்தேன் அக்கா' என்று அர்த்தம். குழந்தையை யார் கொண்டுவந்தது என்று கேட்கிறாராக்கும். மகள் பர்மிஷன் போட்டு வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். பஸ்ஸில் குழந்தையைக் கூட்டிவந்தது நான்தானே? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"நானே தந்தெ, மேடம்!"

கோர்ட்டே சிரித்தது. கூவிய சிப்பந்திகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ ஆயா, கன்னடத்துல தந்தென்னா அப்பா! நீங்கதான் அப்பான்னு சொல்லிட்டீங்க" என்று வக்கீலம்மா காதைக் கடித்தாள். எங்கள் தெருவில் கன்னடக்காரர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நான் என்னத்தைக் கண்டேன்?

ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு தமிழிலேயே கேட்டார்: "எட்டு வருஷமா யாரும்மா பாத்துக்கிறீங்க?"

"நானும் எம் பொண்ணுந்தான் மேடம். அவன் ஒரு பலூன்கூட வாங்கிக் குடுக்கல."

பேத்தியைப் பக்கத்தில் அழைத்து, "அப்பாகிட்ட போகணும்னு ஆசையா கண்ணு?" என்றார்.

"அவரு எப்படி இருப்பாரு மேடம்?" என்று பேத்தி திருப்பிக் கேட்டாள். அழவில்லை, கடைக்கு வழி கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

அடுத்த வாய்தாவில் ஆர்டர் வந்துவிட்டது. இனிமேல் அம்மாதான், அம்மா மட்டும்தான். ஆறு பக்கம். "அவன் இட்டுனு போவ முடியாதுன்னு எங்கடி போட்டுக்குது?" என்று கேட்டேன். மகள் என் விரலைப் பிடித்து ஒரு வரியில் வைத்தாள். அதை ஜெராக்ஸ் எடுத்துக் கீரைக்கூடையில் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் விரித்து, அந்த வரியில் விரல் வைத்துக் காட்டுகிறேன்.

நேற்று ஒரு டீச்சரம்மா, "ஆயா, பேப்பர் தலைகீழா இருக்கு" என்றார்.

"இருந்தா இருக்கட்டும் டீச்சர். ஜட்ஜ் அம்மா சொன்னது மாறிடுமா?" என்றேன்.