இரண்டு மேடை, ஒரு சேனல்

லோயர் என்று நாங்கள் கூப்பிடும் வக்கீல் வேட்பாளர் மேடையில் நின்று மாணவர்களின் படிப்புக் கடனைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க ஒரு விநாடி நிறுத்தினார். அந்த இடைவெளியில் அவருடைய ஸ்பீக்கரிலேயே வேறொரு குரல் கணீரென்று கேட்டது.

"மீ கோரெங் சூடா வந்திருச்சு. பிள்ளைங்க எல்லாம் பிளேட்டை எடுத்துக்கிட்டு வரிசையில வாங்க."

லோயர் கூட்டத்தில் மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கிடையாது. டீயும் பிஸ்கட்டும்தான். மீ கோரெங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேறொரு கட்சியின் கூட்டத்தில் இருந்தது. ஆனாலும் நாலைந்து மாணவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து ரோட்டோரம் வரை போய்விட்டார்கள். லாரிகள் விடாமல் ஓடியதால் கடக்க முடியாமல் திரும்பி வந்தார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் ஸ்பீக்கர் என்னுடையது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மைக்காரனின் கட்சி

கூடாரம், நாற்காலி, சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுவது என் தொழில். முதுகுவலி வந்தபிறகு பாதியைக் குறைத்துக்கொண்டேன். கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் போவேன். தேர்தல் வந்தால் செராமாவுக்கும் போவேன். கட்சிக்காரர்கள் பேசும் கூட்டத்துக்கு எங்கள் நாட்டில் அதுதான் பெயர். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பையன்களும் பெண்களும் என்னிடம் கேட்பது எந்த பிராண்ட் சவுண்ட் மிக்ஸர் வாங்கலாம் என்றுதான். நான் முதலில் சொல்வது வேறு. மைக்காரனுக்குக் கட்சி இருக்கக் கூடாது. இருந்தாலும் அது முகத்தில் தெரியக் கூடாது. நேற்று ஒரு கட்சிக்கு, இன்று இன்னொரு கட்சிக்கு, இரண்டு பேரும் நம்பிக் கூப்பிட்டால்தான் அடுப்பு எரியும்.

ஆனால் மிக்ஸர் பின்னால் உட்கார்ந்தவனுக்குத் தெரிவது மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. யார் கைதட்டுகிறார், யார் கையில் டெலிபோன், யார் சாப்பாட்டுக்காக வந்தவர் என்று எல்லாம் அங்கிருந்து பார்க்கலாம். எனக்கு அதில் தீராத ஆசை. என் மனைவி சாந்தி, "நீங்க சவுண்ட் பார்க்க வர்றீங்களா, வேடிக்கை பார்க்க வர்றீங்களா?" என்று கேட்பாள். இரண்டுக்கும்தான்.

நடு ரோடு

ஆயர் ஈத்தாம் தாண்டி எங்கள் வட்டாரத்தில் இரண்டு கல்லூரி ஊர்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பெயர் சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். ஒன்று மேட்டில் இருக்கிறது, இன்னொன்று வாய்க்கால் ஓரம் இருக்கிறது. மேட்டு ஊர், வாய்க்கால் ஊர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். நடுவில் நாலு லேன் ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கவுன்சில், அந்தப் பக்கம் இன்னொரு கவுன்சில். சட்டமன்றத் தொகுதியும் வேறு வேறு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கவுன்சில் உறுப்பினர்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மேலே இருந்து நியமிக்கிறார்கள். அதனால் சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் சட்டமன்ற உறுப்பினரைத்தான் பிடிப்பார்கள். அவரும் தேர்தல் சமயத்தில்தான் கையில் கிடைப்பார்.

எங்கள் ஃப்ளாட்டில் கீழ்த்தளத்தில் பார்வதி அக்கா இருக்கிறார். மேட்டு ஊரில் வீடு, வாய்க்கால் ஊர்க் கல்லூரி ஹாஸ்டலில் துப்புரவு வேலை. வீட்டுக்குச் சம்பளம் கொண்டு வருவது அவர் ஒருவர்தான். தினமும் அந்த நாலு லேனைக் கடக்க வேண்டும். ஒரு காலை மோட்டார் சைக்கிள் ஒன்று தட்டிவிட்டுப் போனதில் முழங்கால் சரியாக மடங்காமல் போயிற்று. ஓடிக் கடக்க முடியாது. வண்டி ஓயும்வரை காத்து நின்றால் வேலைக்குத் தாமதம். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

பட்டனை அழுத்திக் கடக்கிற சிக்னல் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் அக்கா கேட்டது. மேட்டு ஊர் கவுன்சிலில் கேட்டால் அது அவங்க ஏரியா என்றார்கள். வாய்க்கால் ஊர் கவுன்சிலில் கேட்டாலும் அதே பதில். சாந்தியும் இரண்டு தடவை அக்காவோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். வந்த அன்று எனக்குத்தான் திட்டு, ஊரில் நான் ஒருவன்தான் ஆம்பிளை மாதிரி.

மழை செய்த வேலை

அந்தத் தேர்தலில் மேட்டு ஊருக்கு நின்றவர் ஓய்வு பெற்ற மலாய்க்கார ஆசிரியர். நாங்கள் வாத்தியார் என்றே சொல்வோம். வாய்க்கால் ஊருக்கு நின்றவர் தமிழர், லோயர். கட்சி வேறு, தொகுதியும் வேறு. இரண்டு பேருமே ஒரே நாளில், வகுப்பு முடிகிற சாயங்கால நேரத்தில் சிற்றுண்டியோடு ஹை-டீ கூட்டம் வைத்தார்கள். மாணவர்களுக்குப் பதினெட்டு வயதிலேயே ஓட்டு வந்துவிட்டது அல்லவா, எல்லாருக்கும் திடீரென்று மாணவர்கள் மேல் பாசம்.

எனக்கு இரண்டு ஆர்டர். வாத்தியார் கூட்டம் ரோட்டோரத் திடலில். அதற்கு நான் போனேன். லோயர் கூட்டம் ஊருக்குள் வாய்க்கால் பக்கத்துத் திடலில். அதற்குச் சாந்தி போனாள். அவளுக்கு மிக்ஸர் என்னைவிட நன்றாகவே வரும். வயர்லஸ் மைக் செட் என்னிடம் இரண்டு இருந்தது. ஜொகூர் பாருவில் ஒரே கடையில் வாங்கிய மலிவு செட். இரண்டும் ஒரே சேனலில் ஓடும், மாற்ற வழியில்லை. ஆளுக்கொரு ஊரில் வைத்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்றின் குரல் இன்னொன்றில் புகுந்துவிடும்.

மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. வாய்க்கால் பக்கத்துத் திடல் குளமாகிவிட்டது. லோயரின் ஏற்பாட்டாளர் செல்வம் போலீசிடம் பேசி, கடைவீதிக் கார் பார்க்குக்கு இடத்தை மாற்றிவிட்டார். அந்தக் கார் பார்க் வாத்தியாரின் திடலுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். சாந்தி அவசர அவசரமாகக் கேபிளை இழுத்துக் கட்டியிருக்கிறாள். எனக்குச் சொல்ல நேரமில்லை. நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது எதிரே என் கூடாரமே நிற்கிறது.

பிறகு நடந்ததுதான் மீ கோரெங். லோயர் பேசியது மேடையில் இருந்த கேபிள் மைக்கில். சாந்தி கேள்வி நேரத்துக்காக வயர்லஸின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நாலாம் நம்பர் ஃபேடரை ஏற்றி வைத்திருந்தாள். அதன் சொந்த மைக் அணைந்திருந்ததால், என் பக்கத்து வயர்லஸில் யார் பேசினாலும் அவள் ஸ்பீக்கரில் வந்தது. நான் போன் அடிப்பதற்குள் அவளே அடித்தாள்.

"என்னங்க, உங்க மீ கோரெங் இங்க ஓடிக்கிட்டிருக்கு."

நாலாம் நம்பரை இறக்கச் சொன்னேன். இறக்கிவிட்டாள். செல்வம் அதற்குள் அவளிடம் வந்து, காசு வாங்கிக்கொண்டு அந்தக் கட்சிக்கு வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷம் காப்பாற்றிய பெயர் ஒரு பிளேட் மீ கோரெங்கில் போகப் பார்த்தது.

நாலாம் நம்பர் ஃபேடர்

என் பக்கத்தில் கேள்வி நேரம் தொடங்கியது. வயர்லஸ் மைக் கை மாறிக் கை மாறிப் போய்க் கடைசி வரிசையில் நின்றது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் பார்வதி அக்கா, நீலச் சட்டையோடு அங்கே உட்கார்ந்திருந்தார். அதே நேரம் எதிர்ப்பக்கமும் கேள்வி நேரம். சாந்தி நாலாம் நம்பரை மறுபடி ஏற்றினாள். அவள் பக்கத்து மைக்கை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

அக்கா பேசியது மலாயில், சந்தை மலாய். நான் தமிழில் சொல்கிறேன்.

"சார், நான் இந்தப் பக்கம் குடியிருக்கேன், அந்தப் பக்கம் வேலை செய்யறேன். இங்க கேட்டா அங்க போங்கிறாங்க. அங்க கேட்டா இங்க போங்கிறாங்க. நடு ரோடு யாரு ஏரியா, சார்?"

அது எதிரே லோயரின் ஸ்பீக்கரிலும் வந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரே குரல். நான் சாந்திக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. செல்வம் மிக்ஸரை நோக்கி ஓடுவது இங்கிருந்தே தெரிந்தது. அவர் ஃபேடரை இறக்கக் கை நீட்டியிருக்கிறார். சாந்தி அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, "இருங்க லா, அக்கா பேசி முடிக்கட்டும்" என்றாளாம்.

நான் இந்தப் பக்கம் மைக்கை நிறுத்தியிருக்கலாம். ஸ்விட்ச் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. எனக்கும் வாத்தியார் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க ஆசையாகிவிட்டது.

வாத்தியாருக்கு எதிரே நடப்பது புரியவில்லை. மைக்கை வாங்கி, பழக்கமான பதிலைச் சொன்னார். அந்த ரோடு வாய்க்கால் ஊர் கவுன்சில் பொறுப்பு, அங்கே சொல்லிப் பார்க்கலாம் என்றார். அந்தப் பதிலும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. லோயர் விடுவாரா? கேபிள் மைக்கைப் பிடித்தார். அங்கிருந்த என் ஹார்ன் ஸ்பீக்கர் ரோட்டைப் பார்த்து இருந்ததால் இங்கே தெளிவாகக் கேட்டது.

"சார், எங்க கவுன்சில்ல அது உங்க பொறுப்புன்னு சொல்றாங்க."

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். இரண்டு வேட்பாளர்களும் அவரவர் மேடையில் இத்தனை நாள் சொல்லி வந்த ஒரே பதில் அது. அன்றைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டதில், பதிலே இல்லாமல் போயிற்று.

வாத்தியார் நல்ல மனிதர். மேடையை விட்டு இறங்கி மைக்கை அக்காவிடமே கொடுத்துவிட்டு, நானே போய் அவரிடம் பேசுகிறேன் என்று ரோட்டோரம் நடந்தார். அதைப் பார்த்து லோயரும் இறங்கி ரோட்டோரம் வந்தார். போட்டோகிராஃபர்கள் பின்னால் ஓடினார்கள். ரோட்டு நடுவில் இரண்டு பேரும் கை குலுக்குவதாக ஏற்பாடு போலும்.

சாயங்கால வண்டிகள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி, பேக்டரி பஸ், மாணவர்களின் மோட்டார் சைக்கிள். வாத்தியார் கால் எடுத்து வைப்பார், பின்வாங்குவார். லோயர் கையைத் தூக்கிக் காட்டினார், யாரும் நிற்கவில்லை. ஒரு லாரி தேங்கிய தண்ணீரை அவர் பேண்ட் முழுக்க அடித்துவிட்டுப் போனது. ஓட்டுக் கேட்டு வந்த இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு கரையில் நிற்கிறார்கள். அப்போது இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலும் பார்வதி அக்காவின் குரல், கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி வந்தது.

"பரவால்ல சார், நில்லுங்க. நான் தினமும் இப்படித்தான் நிக்கிறேன்."

நான் மிக்ஸரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவர்கள் கடைசி வரை கை குலுக்கவில்லை. வாத்தியார் திரும்பி வந்து, ஜெயித்தாலும் தோற்றாலும் இந்த சிக்னலுக்காக அந்த லோயரோடு சேர்ந்து போவேன் என்று மைக்கில் சொன்னார். எதிரே லோயரும் அதையே சொன்னார்.

பிறகு

அன்று சாயங்காலமே இரண்டு கட்சிக்காரர்களும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். வாத்தியார் ஆட்களுக்கு நான் லோயர் ஆள், செல்வத்துக்கு நான் வாத்தியார் ஆள். அந்தத் தேர்தலில் மிச்சம் இருந்த ஆர்டர் எல்லாம் போயிற்று. வீட்டுக்கு வந்து சாந்தியிடம் கத்தினேன். நானும் என் மைக்கை நிறுத்தாமல் விட்டது அவளுக்குத் தெரிந்திருந்தது போலும், அவள் பாட்டுக்குச் சோறு போட்டாள்.

இரண்டு பேரில் ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். யார் என்று மைக்காரன் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு பேரும் சொன்ன மாதிரியே சேர்ந்து போனார்கள். முதல் தடவையாக இரண்டு கவுன்சில் இன்ஜினியர்களும் அந்த ரோட்டில் ஒன்றாக நின்று அளந்தார்கள். அதற்குப் பிறகும் இழுத்தது. அதுவரை அக்காவைப் பலநாள் சாந்தியே வேனில் கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டு வந்தாள். வேலை போகாமல் நின்றது.

கடைசியில் சிக்னல் வந்தது. இந்தப் பக்கத்துக் கம்பம் மஞ்சள், அந்தப் பக்கத்துக் கம்பம் பச்சை. அவரவர் கவுன்சில் அவரவர் கம்பத்தை வாங்கியிருக்கிறது. விளக்கு மட்டும் ஒன்றாக எரிகிறது. அக்கா பட்டனை அழுத்திவிட்டு நிற்பார், லாரி நிற்கும், முழங்காலை இழுத்து மெதுவாக நடப்பார். அவசரப்படுவதே இல்லை. ஹார்ன் அடித்தால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். சேனல் மாற்ற முடியாத வயர்லஸ் செட்டை வாங்காதீர்கள். மழையில் இடம் மாறியதா என்று முதலில் வீட்டுக்காரியிடம் கேளுங்கள். தவறான குரல் ஸ்பீக்கரில் வந்தால் ஃபேடரை இறக்கத்தான் வேண்டும், ஆனால் அது யார், என்ன கேட்கிறார் என்று ஒரு வாக்கியமாவது கேட்டுவிட்டு இறக்குங்கள்.

இப்போது என்னிடம் நல்ல செட் இருக்கிறது. எந்தக் கட்சிக்காரர் ஆர்டர் கொடுக்க வந்தாலும் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறார்: "பாஸ், இங்க பேசறது அந்தப் பக்கம் கேக்காதுல்ல?"

கேக்காது என்று உறுதி சொல்லித்தான் ஆர்டரை எழுதிக்கொள்கிறேன். சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.