பேர் சொல்லாத குழந்தை

ஆடித்தபசு அன்று சாயங்காலம், தெற்கு ரத வீதியில், என் மகளின் கையை விட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு ஒரு மணி நேரம் நான் கூட்டத்தைத் திட்டினேன், போலீஸைத் திட்டினேன், முகம் தெரியாத எவனோ ஒரு தகப்பனைத் திட்டினேன். என்னை மட்டும் திட்டிக்கொள்ளவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் என் மனைவி வரவில்லை. நானும் மகளும், பக்கத்துக் கடைக்காரரும் அவர் மகளுமாகப் போனோம். எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை, அவருக்கு செல்போன் ரிப்பேர் கடை. அவர் மகளுக்கும் அதே வயதுதான். எட்டு வயதுக் கழுதையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார் மனுசன். அது ஒரு கையில் பஞ்சுமிட்டாய், மறு கையில் பலூன் வைத்துக்கொண்டு, ராட்டினத்துக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தது. என் மகள் என் விரலைப் பிடித்தபடி எதுவும் கேட்காமல் நடந்தாள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

"ஏன்வே, தோள்ல ஏத்துனா நாளைக்குத் தலையில ஏறி உக்காந்துருமே" என்றேன்.

"இன்னும் ரெண்டு வருசம் போனா தூக்க முடியுமா அண்ணாச்சி? முடியுற வரைக்கும் தூக்குதேன்" என்று சிரித்தார்.

உருப்பட்டாப்லதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அடியாத மாடு படியாது. என்னை என் அப்பா அப்படித்தான் வளர்த்தார், நான் என்ன கெட்டா போய்விட்டேன்? பென்சிலைத் தொலைத்தால் அடி. தண்ணீர் பாட்டிலைத் தொலைத்தால் அடி. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவள் பேர், என் பேர், தெரு, போன் நம்பர் நான்கையும் ஒப்பிக்க வேண்டும். திக்கினால் அதற்கும் ஒன்று. எங்கே தொலைந்தாலும் பிள்ளை வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் அதைச் செய்தேன். பொய்யில்லை.

சாமி காட்சி கொடுத்த நேரத்தில் கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளியது. காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் ஜனங்கள் அள்ளி வீசினார்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். கையை இறக்கியபோது பக்கத்தில் மகள் இல்லை.

முதலில் வந்தது கோபம்தான். கிடைக்கட்டும், இன்றைக்கு இருக்கிறது அவளுக்கு என்று பல்லைக் கடித்தேன். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எதிரே வந்த பெண் குழந்தைகள் எல்லாம் அவளைப் போலவே பட்டுப்பாவாடையில் இருந்தார்கள். எல்லோரும் முதுகைக் காட்டும்போது என் மகளாக இருந்தார்கள், திரும்பியதும் வேறு யாரோ ஆனார்கள்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது. "ஏழு, எட்டு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை, பட்டுப்பாவாடை அணிந்துள்ளது, காவல் உதவி மையத்தில் இருக்கிறது. பெயர் சொல்ல மறுக்கிறது. பெற்றோர் உடனே வரவும்."

"அண்ணாச்சி, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"எம்புள்ளைய தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அப்பன் பேரு, போன் நம்பரு அத்தனையும் சொல்லுவா வே" என்று கத்தினேன். "இது எவனோ செல்லங்கொடுத்துக் கெடுத்து வச்ச புள்ள. பேரு கூடச் சொல்லத் தெரியல பாரும்! இவன்லாம் எதுக்குப் புள்ள பெக்கான்?"

நான் தெப்பக்குளத்துக்கு ஓடினேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, தெரியாது. ஒரு செருப்பு மிதந்திருந்தால் போதும், நான் அங்கேயே விழுந்திருப்பேன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு. ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி சீட்டு சீட்டாகப் பார்த்தேன். கரிவலம் போகிற பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. முன்னால் போய்க் கையை விரித்து மறித்தேன். டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் எல்லாம், எவற்றை நான் சிரித்துத் தள்ளினேனோ அவை எல்லாம், வரிசையாகக் கண்ணில் வந்தன. மனைவியிடமிருந்து போன் வந்தது. எடுக்கப் பயந்து சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். அதற்குள் அந்த அறிவிப்பு இன்னும் இரண்டு முறை வந்திருந்தது. இரண்டு முறையும் அந்தத் தகப்பனுக்கு என்னிடம் திட்டு விழுந்தது.

அடுத்த போன் பக்கத்துக் கடைக்காரருடையது. நான் அங்குமிங்கும் ஓடிய நேரத்தில், மகளைத் தோளில் வைத்தபடியே அவர் உதவி மையத்துக்குப் போயிருந்தார்.

"அண்ணாச்சி, நம்ம பிள்ளதான். நல்லா இருக்கா. மெதுவா வாங்க."

மெதுவாகவா வருவேன்? கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் ஓடினாள். ஓடிப்போய் போலீஸ்கார அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"போன் நம்பர் தெரியுமான்னு கேட்டேன் சார்" என்றார் அந்தப் பெண் காவலர். "தெரியும், ஆனா சொல்லமாட்டேன், அப்பா அடிப்பாகன்னு சொல்லுது. தொலைஞ்சு போனதுக்கு அடிப்பீங்களாமே?"

பந்தலில் பத்துப் பேராவது இருந்தார்கள். பிள்ளைகளை எல்லாம் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லித்தானே நாம் பயமுறுத்துகிறோம். என் பிள்ளை எனக்குப் பயந்து போலீஸிடம் ஒளிந்து நின்றாள்.

"அடிக்கமாட்டேன் தாயி, வா" என்றேன்.

முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "அக்கா, எழுதி வாங்குங்க."

யாரோ சிரித்தார்கள். பெண் காவலர் சிரிக்கவில்லை. ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என்னிடம் நீட்டினார். மயிர் போன்ற காயில் கம்பியைச் சிக்கில்லாமல் சுற்றுகிற கை இது. நான்கு வார்த்தை எழுதுவதற்குள் இரண்டு முறை அடித்துத் திருத்தியது. 'என் மகளை அடிக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகள் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கையெழுத்தையும் பார்த்தாள். பிறகுதான் வெளியே வந்தாள்.

பிள்ளை வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவளோ தாளை நான்காக மடித்து, திரும்பவும் பெண் காவலரின் கையில் வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கோங்க அக்கா" என்றாள். "வீட்டுக்குக் கொண்டு போனா கிழிச்சிருவாக."